கிளீனர் சைடு முன்சக்கரம்

ஜூன் 14. பெங்களூரில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புதிய டயர் பொருத்தப்பட்டது. ஓசூர் வரை வாகனத்தை என் மனைவி ஓட்டினார்.

ஜூலை 30. வாகனம் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தப்பட்டது.

நவம்பர் 19. என் மனைவி காலமானார்.

ஜனவரி 20. புதிய பேட்டரி. வாகனத்தை நான் ஓட்டினேன். சானமாவு அருகே இடப்பக்கச் சக்கரங்கள் சாலையின் விளிம்பிலிருந்து இறங்கி ஏறின.

பிப்ரவரி 16. இடப்பக்க முன்டயரின் உள் விளிம்பில் தேய்மானம் தெரிந்தது. ஓசூரில் வீல் அலைன்மென்ட் செய்யப்பட்டது.

மார்ச் 9. தேய்மானம் நிற்கவில்லை. கிருஷ்ணகிரியில் மறுபடியும் அலைன்மென்ட் செய்யப்பட்டது.

ஏப்ரல் 20. வலப்பக்க முன்டயரின் வெளி விளிம்பிலும் தேய்மானம்.

மேலே உள்ளவற்றில் எதையும் யாரும் மறுக்க முடியாது. நில அளவைப் பாடத்தை என் பணிக்காலம் முழுவதும் கற்பித்தவன் நான். தேதியும் இடமும் இல்லாத குறிப்பைக் கிழித்துப் போடுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லி வந்தவன். ஆனால் இந்தக் குறிப்புகளுக்கு இடையே நான் சந்திக்க நேர்ந்த மனிதர்களும், அவர்கள் எனக்கு அருளிய விளக்கங்களும் எந்தக் குறிப்பிலும் அடங்காதவை. அவற்றை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

வாகனம் இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம். தரையோடு தரையாக இருப்பது. அதில் ஏறுவது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் உள்ளே விழ வேண்டும். என் மனைவி ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதமே, பெங்களூரில் ஒருவர் சில ஆண்டுகள் ஓட்டிச் சலித்திருந்த இந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் கருத்துக் கேட்டார். நான் எதிராகச் சொன்னேன். வாங்கிவிட்டார்.

அன்றிலிருந்து ஓட்டுநர் இருக்கை அவருடையது, இடப்பக்க இருக்கை என்னுடையது. லாரிகளில் அந்த இடத்தில் உட்காரும் உதவியாளைக் கிளீனர் என்பார்கள். இடப்பக்கம் எதுவும் உரசாமல் பார்த்துச் சொல்வதும், வண்டி பின்னால் வரும்போது இறங்கி நின்று “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பதும் கிளீனரின் வேலை. தொழிற்சாலை வாசலில் எத்தனையோ லாரிகளைப் பார்த்த என் மனைவி, வண்டி வாங்கிய முதல் நாளே அந்தப் பதவியில் என்னை அமர்த்திவிட்டார்.

“கிளீனரே, எறங்கிப் பின்னாடி பாத்துச் சொல்லுங்க.”

“கண்ணாடி எதற்கு இருக்கிறது?”

“அதுல பாதிதான் தெரியுது. முழுசாத் தெரியணும்னுதான் கிளீனர் வச்சிருக்கேன்.”

நான் இறங்கி, கொட்டகை வாசலில் நின்று, அக்கம்பக்கத்தார் கேட்கும்படி “வரலாம், வரலாம், போதும்” என்று சொல்ல வேண்டும். “போதும்” என்று நான் சொன்ன பிறகும் ஒரு சாண் வந்துதான் நிறுத்துவார். கிளீனரை நம்பாத ஓட்டுநர்.

ஒரு மாலை, சானமாவுக் காட்டு வழியில், யானைகள் சாலையைக் கடக்கின்றன என்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். நெடுநேரம் ஆயிற்று. “கிளீனரே, எறங்கிப் போயி எத்தன உருப்படின்னு எண்ணிட்டு வாங்க” என்றார். நீ போய் எண்ணு, அதுவரை ஸ்டியரிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “கிளீனர் கையில ஸ்டியரிங்கக் குடுத்தா ஓனரு கோச்சுக்குவாரு.” ஓனர் யார் என்றேன். “நாந்தான்” என்றார்.

அந்த முன்டயர்கள் இரண்டையும் அவர் வாங்கியது ஜூன் மாதத்தில். நானும் உடன் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் ஜோடியைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது ஜோடியின் மேல் உள்ளங்கையை வைத்து விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தடவிப் பார்த்தார். தொழிற்சாலையில் எதையும் அப்படித்தான் பார்ப்பாராம். தமக்கென்று அவர் கடைசியாக வாங்கிய பொருள் அவை. அதற்குப் பிறகு வாங்கியவை எல்லாம் மருந்துக்கடையில்.

மருத்துவமனையில் இருந்தபோது வண்டியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “வாரம் ஒரு தடவ கொஞ்சம் நகத்தி வைங்க. ஒரே எடத்துல நின்னா டயர் சப்பையாயிடும்.” அப்படியே செய்தேன். பிறகு, நகர்த்தி வைப்பதைவிட ஓட்டுவது முறையானது என்று தோன்றியது. பர்கூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வாரம் மூன்று நாள் சிறப்பு வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து அந்த வண்டியிலேயே போய் வந்தேன். டயர்கள் இரண்டும் தம் ஆயுள் முழுவதும் ஓடித் தேய வேண்டும், பாதியில் பாழாகக் கூடாது. இதைத் தவிர அந்த வண்டியிடம் எனக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை.

முதல் நாளே கெடுத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் இடப்பக்கம் உட்கார்ந்தவன் வலப்பக்கம் உட்கார்ந்தால், வண்டியின் இடது விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை. சானமாவு அருகே எதிரே வந்த பேருந்துக்காக ஒதுங்கினேன். இடப்பக்கச் சக்கரங்கள் தார் விளிம்பிலிருந்து இறங்கி, கல்லில் மோதி ஏறின. பக்கத்தில் ஆள் இருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஒரு மாதத்துக்குள் இடப்பக்க முன்டயரின் உள்பக்கம் மழித்தது போல ஆகிவிட்டது. வெளிப்பக்கம் புதிதாகவே இருந்தது. நின்று பார்த்தால் தெரியாது; குனிந்து உள்ளே கையை விட்டால்தான் தெரியும். சக்கரத்தின் மேல் விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்துவிட்டால் இப்படித்தான் தேயும். இது வடிவியல், கருத்து வேறுபாட்டுக்கு இதில் இடமில்லை என்று நினைத்திருந்தேன்.

ஓசூரில் குளிரூட்டப்பட்ட காத்திருப்பு அறையும் பெரிய திரையும் வைத்திருந்த ஒரு கடைக்குப் போனேன். கணினியில் உட்கார்ந்திருந்தவர் நெடுநேரம் பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார்.

“சார், உங்க வண்டி இதுல இல்ல. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணு போட்டிருக்கேன்.”

“கிட்டத்தட்ட என்றால்?”

“அதுவும் சிவப்புல வருது சார்.”

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சக்கரங்களில் கருவிகளை மாட்டினார். திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. வேறொரு வண்டியின் அளவுகளுக்கு என் வண்டி பொருத்தப்பட்டுவிட்டது. எல்லாம் பச்சை என்று தாளில் அச்சிட்டுக் கொடுத்தார். பச்சையாக இருந்தால் இனித் தேயாதல்லவா என்று கேட்டேன். “அது ரோட்டப் பொறுத்தது சார்.”

எல்லாமே ரோட்டைப் பொறுத்தது. இந்த மூன்று மாதத்தில் நான் கேட்ட நோயறிதல்களில் முக்கியமானவை: ரோடு, வெயில், காற்று அதிகம், காற்று குறைவு, பர்கூர்ப் பக்கம் கிரானைட் ஏற்றும் லாரிகள் சிந்திப்போகும் கல், சிவப்பு வண்டி ஆதலால் கண்ணேறு. கடைசியாகச் சொன்னதற்கு மருந்தும் உடனே கிடைத்தது. நான் தடுப்பதற்குள் ஒருவர் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் போக முடிந்தது. எதுவுமே தோன்றாதவர்கள் “மைலேஜ் என்ன சார் குடுக்குது?” என்று கேட்டார்கள். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் படம் எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர், “இந்த வயசுல இதுல ஏறி எறங்குனா இடுப்புதான சார் தேயும், நீங்க டயரப் பாத்துட்டு இருக்கீங்க” என்றார். கோவையிலிருந்து மகள் தொலைபேசியில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புது டயர் போட்டுக்கலாமேப்பா. இல்லன்னா வித்துடலாம்” என்றாள். அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. எனக்கு அதுவே எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ஆகவே நானே அளந்தேன். கொட்டகையில் தூக்குக்குண்டு கட்டி, சக்கரத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை இரு பக்கமும் பலமுறை எடுத்தேன். வலப்பக்கச் சக்கரம் ஒழுங்காக நின்றது. இடப்பக்கச் சக்கரம் உள்ளே சாய்ந்திருந்தது. எவ்வளவு வெளியே எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக்கொண்டேன். இனி வேண்டியது சொன்னதைச் செய்யும் ஒரு கை மட்டுமே.

கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலையோரம் பெரும்பாலும் லாரிகளையே பார்க்கும் ஒரு பட்டறை. உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர். தொலைபேசியில் யாரையோ கன்னடத்தில் அதட்டிவிட்டு, மெக்கானிக்கிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் தமிழுக்கு வந்தார்.

“மெஷின் ஓடலீங்க சார். ஒயர எலி கடிச்சிருச்சு. கையிலயே பண்ணிக் குடுத்துர்றோம். எந்தப் பக்கம் தேயுது, டிரைவர் சைடா, கிளீனர் சைடா?”

லாரிப் பட்டறைகளில் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

“இடப்பக்கம்” என்றேன்.

“அதான், கிளீனர் சைடுங்களா?”

“இடப்பக்கம் என்றேன்.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். வண்டியின் முகத்துக்கு நேரே நின்றிருந்த மெக்கானிக் மறுபடி உறுதி செய்துகொள்ள நினைத்து, “எடமா, குடியா?” என்றார்.

“நான் குடிப்பதில்லை.”

உரிமையாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தார். “அவன் தெலுங்குல கேக்கறான் சார். குடின்னா வலது பக்கம். மத்ததையெல்லாம் சாயந்தரந்தான் கேப்போம்.”

இத்தனை ஆண்டுகள் ஓசூரில் வாழ்ந்தும் தெலுங்கு எனக்குக் காதோடு நின்றுவிட்ட மொழி. மெக்கானிக் மொழியை விட்டுவிட்டு நேராகத் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கைப் பக்கந்தான சார்?”

“ஆம். இடது கை” என்றேன்.

“ஒருக்கா அளந்து பாத்துட்டுச் செய்யட்டுங்களா?”

“அளந்தாகிவிட்டது. மேல் விளிம்பை நான் சொல்லும் அளவுக்கு வெளியே எடுங்கள். மறுபக்கத்தைத் தொட வேண்டாம்.”

தொடவில்லை. சொன்னதை அப்படியே செய்தார். நான் டீ குடித்துக்கொண்டு நெடுஞ்சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அன்று திரும்பும்போதே வண்டி வலப்பக்கம் இழுத்தது. அதற்கு முன்பும் லேசாக இழுக்கும். இப்போது கயிறு கட்டி இழுப்பது போல இருந்தது. புதிதாகத் திருத்திய சக்கரம் படிய நாளாகும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். பிறர் சொன்ன விளக்கங்களுக்கு எந்த விதத்திலும் குறையாத விளக்கம் அது. ஏப்ரலில் ஒரு நாள் இரண்டு டயர்களையும் தடவிப் பார்த்தேன். இடது டயரின் உள் விளிம்பில் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. வலது டயரின் வெளி விளிம்பு அரம் போலக் கையைக் கீறியது.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போனேன். கோபத்தை நான் குரலில் காட்டுவதில்லை. அது வகுப்பறையில் பழகியது.

“இடப்பக்கத்தைச் சரிசெய்யச் சொன்னேன். நீங்கள் வலப்பக்கத்தை மாற்றியிருக்கிறீர்கள்.”

மெக்கானிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க சொன்ன பக்கந்தான் சார் செஞ்சேன். கையத் தூக்கிக் காட்டிக் கேட்டனே. இந்தக் கைதானன்னு கேட்டேன், ஆமான்னீங்க.” அன்று நின்ற அதே இடத்தில், வண்டியின் முகத்துக்கு எதிரே போய் நின்று இடது கையைத் தூக்கினார்.

நான் வண்டியின் பின்பக்கம் நின்றிருந்தேன். நானும் இடது கையைத் தூக்கி, “இந்தப் பக்கம்” என்றேன்.

இரண்டு கைகளும் வண்டியின் இரண்டு பக்கங்களைக் காட்டின.

பிறகு உரிமையாளர் நாற்காலியிலிருந்தபடியே, “ரெண்டு பேரும் மாப்பிள்ள பொண்ணு மாதிரி எதிரெதிர நின்னுக்கிட்டு ஆளுக்கொரு லெஃப்ட்டக் காட்டுனா, நடுவுல வண்டி என்னங்க பண்ணும்?” என்றார்.

ஒரு கருவியை எந்தத் திசை நோக்கி நிறுத்தியிருக்கிறோம் என்று குறிக்காமல் இடம், வலம் என்று எழுதிய மாணவர்களுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததே இல்லை.

“அதுக்குத்தான சார் கிளீனர் சைடான்னு கேட்டேன்” என்று அவர் தொடர்ந்தார். “நீங்க முன்னாடி நில்லுங்க, பின்னாடி நில்லுங்க, வண்டிக்கடியில படுங்க. கிளீனரு ஒக்கார்ற எடம் மாறுமா? அந்த ஒரு வார்த்தையச் சொல்றதுல என்னங்க சார்? கௌரவக் கொறச்சலா?”

“இல்லை” என்றேன்.

“பின்ன?”

மெக்கானிக் இன்னமும் கையை இறக்கவில்லை. அவரைப் பார்த்து, “கிளீனர் சைடு முன்சக்கரம்” என்றேன்.

நவம்பருக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் உச்சரித்தது அப்போதுதான். எதுவும் நிகழவில்லை. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

இம்முறை அளக்க விட்டேன். முதலில் வலப்பக்கச் சக்கரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இடப்பக்கச் சக்கரத்தை நிமிர்த்தினார்கள். இதற்கிடையில் உரிமையாளர் இரண்டு டயர்களையும் பார்த்துவிட்டு வந்தார்.

“கிளீனர் சைடு போச்சுங்க. நூல் வந்துருச்சு. அதுல ஓட்டுனா வழியிலயே வெடிக்கும். இன்னொண்ணு பரவால்ல, ஓரத்துலதான் கடிச்சிருக்கு. ஆனா முன்னாடி மாத்துனா ஜோடியாத்தான் மாத்தணும்.”

“ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.”

“ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா சரி வராது சார்.”

“பழையது இன்னும் ஓடுமா?”

“ஓடும். ஜோடி இல்லாம ஓடும்.”

“ஓடட்டும்” என்றேன்.

கழற்றிய டயரை மெக்கானிக் சுவரோரம் உருட்டிக்கொண்டு போனார். அங்கே பழைய டயர்கள் குவிந்து கிடந்தன. அதை வண்டியில் வைக்கச் சொன்னேன்.

“இத எதுக்குங்க சார்?” என்றார் உரிமையாளர். “இங்கயே கெடக்கட்டும். நாகரசம்பட்டிப் பக்கமிருந்து தோப்புக்காரங்க வருவாங்க, மாமரத்துல ஊஞ்சல் கட்டக் கேப்பாங்க.”

“வண்டியில் வையுங்கள்.”

“எங்கங்க வைக்கறது? உங்க டிக்கில ஒரு மஞ்சப்பை வச்சா ரொம்பிரும்.”

அவர் சொன்னது சரி. அந்த வண்டியில் பொருள் வைக்க இடம் கிடையாது.

“கிளீனர் சீட்டில்” என்றேன்.

மெக்கானிக் பழைய செய்தித்தாளை விரித்து, டயரைத் தூக்கி நிறுத்தி, சாயாமல் இருக்க இருக்கையைச் சற்று முன்னால் தள்ளினார். உரிமையாளர் டயரையும் என்னையும் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டார்.

சாலையில் ஏறியதும் வண்டி கீச்சிடத் தொடங்கியது. இருக்கையில் பாரம் இருந்து பெல்ட் போடாவிட்டால் எழும் எச்சரிக்கை ஒலி. ஆளா டயரா என்று அதற்குத் தெரியாது. சில கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு மாம்பழக் கடை அருகே ஓரங்கட்டி, குனிந்து, பெல்ட்டை இழுத்து டயருக்குக் குறுக்கே மாட்டினேன். ஒலி நின்றது. கடைக்காரப் பெண்மணி பழத்தை எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்காததற்கு நன்றியுடையவனாக இருந்தேன்.

சூளகிரி தாண்டியதும் சாலை நேராகவும் காலியாகவும் கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்திப் பார்த்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கொட்டகைக்குள் பின்னோக்கி எடுத்தேன். கண்ணாடியில் பாதிதான் தெரிந்தது. கதவைத் திறந்து இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி, இன்னும் ஒரு சாண் பின்னால் எடுத்து நிறுத்தினேன்.

செய்யாமல் விட்டவை:

புதிய டயருக்கு ஜோடி வாங்குவது.

வாகனப் பதிவை என் பெயருக்கு மாற்றுவது.

விற்பது பற்றி மகளுக்குப் பதில் சொல்வது.

கிளீனர் சீட்டில் இருக்கும் டயரை இறக்குவது.